மண்டி போர்டில் சிவப்புப் பெயர்

லூசி அக்காவின் வேலை அடிப்பது. அவரே அப்படித்தான் சொல்வார்.

சின்னசேலத்தில் மக்காச்சோள மண்டிக்கு எதிரே ஓர் உரக்கடை. அதன் மாடியில் ஜெயப்பிரகாஷ் என்பவர் நடத்தும் சிறிய கணினி அலுவலகம். அங்கே ‘டோக்கன் பெட்டி’ என்று ஒன்றைச் செய்தார்கள். கையால் தொடும் பெட்டி அல்ல. இணையதளத்தில் ஒட்டவைக்கும் ஒரு துண்டு. பெயர், ஊர், போன் எண் போட்டுப் பொத்தானை அழுத்தினால் வரிசை எண் வரும். ஒருமுறை செய்துவிட்டால் ஸ்கேன் சென்டர், கல்யாண மண்டபம், சோள மண்டி என்று யார் கேட்டாலும் அதே துண்டை அவர்கள் தளத்தில் ஒட்டித் தரலாம். அதில் ஒரு தப்பு இருந்தால் ஒட்டிய எல்லா இடத்திலும் அதே தப்பு இருக்கும். அதனால் வெளியே விடுவதற்கு முன்பு அதை யாராவது இரக்கமில்லாமல் சோதித்துப் பார்க்க வேண்டும். அதுதான் லூசி அக்காவின் வேலை.

“நாள் பூரா இன்னாக்கா பண்ற அங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அடிக்கறேன்டி எழிலு. ஒரே நேரத்துல ரெண்டு பேர விட்டு அமுக்கச் சொல்றேன். பாதியில நெட்ட புடுங்கறேன். பேருக்கு பதிலா நம்பர போடறேன். ஒடையுதான்னு பாப்பேன். ஒடையலன்னாதான் பாஸ்.”

“நீயே உக்காந்து அமுக்கறியா?”

“நான் எங்க அமுக்கறது? எழுதி வெச்சிட்டா அதுவே பக்கத்த தொறக்கும், அதுவே அமுக்கும், அதுவே பச்சையா செவப்பான்னு சொல்லும். நான் டீ குடிச்சிக்கினு பாத்துக்கினு இருப்பேன்.”

அவர் வளர்ந்த வீட்டில் அடிதான் பேச்சு. அப்பா தைரியநாதன் ஜல்லி கிரஷரில் வேலை செய்தவர். குடித்துவிட்டு வந்தால் பெல்ட்டைக் கழற்றுவார். முதலில் அக்காவின் அம்மா ரெஜினா அத்தைக்கு விழும், தடுக்கப் போனால் அக்காவின் அண்ணன் மார்ட்டின் அண்ணனுக்கு. லூசி அக்காவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அண்ணன்தான் முன்னால் நிற்பார். மீசை அரும்பிய வயதில் ஒருநாள் மண்வெட்டிக் காம்பால் அப்பாவின் மணிக்கட்டை உடைத்தார். எலும்பு உடைந்த சத்தம் எங்கள் தெரு வரை கேட்டது என்று அம்மா சொல்வார். அதன் பிறகு அப்பா அந்த வீட்டில் கை ஓங்கவில்லை. ஓங்கும் கை மார்ட்டின் அண்ணனுடையது ஆனது.

ஆனால் அவர் தங்கையை ஒருநாளும் தொட்டதில்லை. மண்டியில் மூட்டை தூக்கித்தான் அவரைக் கல்லூரி வரை படிக்க வைத்தார். நைனார்பாளையம் பஸ்ஸில் ஒருத்தன் லூசி அக்காவின் இடுப்பைக் கிள்ளினான் என்று தெரிந்ததும், அடுத்த நிறுத்தத்தில் அவனை இறக்கி முன்பல்லைத் தட்டிவிட்டுத்தான் வந்தார். அக்காவுக்கு அண்ணனிடம் பயமும் உண்டு, பெருமையும் உண்டு. அந்த வீட்டில் இரண்டையும் பிரித்துப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை.

மண்டியில் டோக்கன் பெட்டி வந்ததற்கும் ஓர் அடிதடிதான் காரணம். அதற்கு முன்பு அங்கே செருப்புதான் வரிசை. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எடைமேடைக்கு நேராக ஒரு ஜோடி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டால் அது உங்கள் இடம். நீங்கள் டீக்கடைக்குப் போகலாம், வேப்பமரத்தடியில் தூங்கலாம். செருப்பை யாரும் நகர்த்த மாட்டார்கள். பிறகு புரோக்கர்கள் வந்தார்கள். விடிவதற்குள் சாக்கு நிறையப் பழைய செருப்பைக் கொண்டுவந்து வரிசையாகக் கொட்டிவிட்டு, அந்த இடங்களை விற்றார்கள். போன அறுவடையில் ரிஷிவந்தியம் பக்கத்து விவசாயி ஒருவர் அப்படி ஒரு செருப்பை எட்டி உதைத்தார். புரோக்கரின் ஆள் அரிவாளை வீசினான். அவருடைய இரண்டு விரல்கள் சோளக் குவியலில் போய் விழுந்தன. அதைப் பார்த்துப் பயந்து ஓடியவர்களில் என் அம்மா ஜெயம்மாளும் ஒருவர். சிந்திய சோளத்தைக் கூட்டி அள்ளுவது அவருடைய வேலை.

அதனால் மண்டிக்காரர் கேட்டதும் ஜெயப்பிரகாஷ் ஒரு விதி வைத்தார். ஒரு போனுக்கு ஒரு டோக்கன். அதே போனில் இரண்டாம் முறை அழுத்தினால் டோக்கன் வராது. அதோடு, அழுத்தியவரின் பெயர் மண்டியின் பெரிய போர்டில் சிவப்பு எழுத்தில் ‘மறு முயற்சி’ என்று வரும்.

“நாலு பேரு பாத்தா வெக்கப்படுவான்ல?” என்றார் ஜெயப்பிரகாஷ்.

“வேற பேரு போட்டு ஏமாத்துவான் சார்,” என்றார் லூசி அக்கா. “மொத தடவ இன்னா பேரு போட்டானோ, அதே பேருலதான் செவப்பு வரணும்.”

அந்த யோசனை அக்காவுடையது. அதைச் சோதிக்கும் நிரலும் அவர் எழுதியதுதான். ஒரு பொய் விவசாயி ஒரே போனில் வேறு வேறு பெயர் போட்டு அழுத்துவான். ஒவ்வொரு முறையும் அவனுடைய முதல் பெயரே சிவப்பில் வருகிறதா என்று நிரல் பார்க்கும். பச்சை விளக்கு வந்தது. போர்டு மாட்டிய அன்று மார்ட்டின் அண்ணன் மூட்டைக் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார். “நாலாயிரம் தடவ அடிச்சு பாத்திருக்கு என் தங்கச்சி. இது பொய் சொல்லாது. செவப்பா வந்தான்னா அவன் திருடன், அவ்ளோதான்.”

ஐப்பசியில் மழை இறங்கப் பார்த்தது. சோளம் நனைந்தால் பூஞ்சை பிடித்துவிடும், மண்டியில் எடுக்க மாட்டார்கள். சாலை வரை டிராக்டர்கள் நின்றன. பலர் இரண்டு நாளாக வண்டியிலேயே படுத்துக் கிடந்தார்கள். வானத்தைப் பார்ப்பதும் போர்டைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். பிளஸ் டூ முடித்து வீட்டில் இருந்த நான் அம்மாவுக்கு உதவியாகத் துடைப்பத்தோடு அங்கே இருந்தேன்.

காலையில் கல்வராயன் மலையிலிருந்து ஒரு மினி வேன் வந்தது. வெள்ளிமலைக்கும் மேலே ஏதோ ஒரு சின்ன ஊர். ஓட்டுநர் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அடுத்த லோடுக்குப் போய்விட்டார். கூட வந்தவர் பழனி, நாற்பது வயது இருக்கும். அவர் ஒரு சாக்கிலிருந்து செருப்புகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். பெரியது, சின்னது, வார் அறுந்து கம்பி கட்டியது, ஒரு பெண்ணுடையது. எட்டு ஜோடி.

“அதெல்லாம் இப்ப கெடையாதுண்ணே. போன்ல போடணும்,” என்றேன்.

“அப்படியாம்மா?” என்று சட்டைக்குள்ளிருந்து போனை எடுத்தார். வாசலில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து, எழுத்து எழுத்தாகத் தட்டினார். அவருக்கு டோக்கன் வந்தது. பிறகு மற்ற வீடுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் போட்டு அழுத்தினார். வரவில்லை. போன் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, அடுத்த பெயரைப் போட்டார்.

போர்டில் ‘பழனி - மறு முயற்சி’ என்று சிவப்பாக வந்தது. கீழே இன்னொன்று, அதன் கீழே இன்னொன்று. ஏழு முறை.

“எவன்டா அவன் பழனி?”

அவர் கையைத் தூக்கினார். கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

முதலில் ஓடி வந்தவர் மார்ட்டின் அண்ணன். எதுவும் கேட்கவில்லை. ஓடி வந்த வேகத்திலேயே முகத்தில் குத்தினார். பழனி செருப்புகள் மேல் விழுந்தார். “செருப்பு வேற கொண்டாந்திருக்கான் பாரு! பழைய புரோக்கர் கும்பல்டா!” என்று நைனார்பாளையம் கொளஞ்சியப்பன் கத்தினார். அவர் சோளம் இரண்டு நாளாக வண்டியில் கிடந்தது. அவர் கையில் டிராக்டரின் இணைப்புக் கம்பி இருந்தது. அதால் முதுகில் அடித்தார். ஈரச் சாக்கில் அடிப்பது போன்ற சத்தம். அதற்குப் பிறகு யார் யார் அடித்தார்கள் என்று எண்ண முடியவில்லை. காலால் மிதித்தார்கள். ஒருவர் தலைமயிரைப் பிடித்து இழுத்தார். மற்றவர்கள் அவரை எடைமேடைத் தூணோடு சேர்த்துக் கயிற்றால் கட்டி இறுக்கினார்கள்.

“அய்யா, எட்டு வூட்டு சோளங்க… ஊருக்கே ஒரு போனுதாங்க…” என்று அவர் சொன்னார். வாயில் ரத்தம் கொழகொழத்ததால் பக்கத்தில் இருந்த எங்களுக்குத்தான் அது புரிந்தது. அம்மா, “டேய், சொல்றத கேளுங்கடா!” என்று குறுக்கே போனார். யாரோ தள்ளியதில் முறத்தோடு போய் விழுந்தார்.

மாடி ஜன்னலில் ஜெயப்பிரகாஷ் நின்றிருந்தார். “லூசி, இங்க வா! வேல செய்யுது பாரு! மொத புரோக்கர் மாட்டிட்டான்!” என்று கூப்பிட்டாராம். அக்கா எட்டிப் பார்த்தார். அங்கிருந்து அவருக்கு முதலில் தெரிந்தது ஆள் இல்லை, சிதறிக் கிடந்த செருப்புகள். அதில் ஒரு பெண்ணின் செருப்பும் குழந்தைச் செருப்பும் இருந்தன. புரோக்கர் கொண்டுவந்து கொட்டுவது பொறுக்கிய ஒற்றைச் செருப்பு. இவை ஜோடி ஜோடியாக இருந்தன. ஒரே போன் வைத்திருக்கும் ஏதோ ஒரு சின்ன ஊர் அனுப்பிய ஆள் என்று புரிந்ததும், அவர் படிகளில் இறங்கி ஓடி வந்தார்.

“அண்ணா, வுடு! அவரு புரோக்கர் இல்ல! ஒரு ஊருக்கு ஒரு போனு வெச்சிருக்காங்க!”

“நீ மேல போ.”

“தப்பு பொட்டிமேலண்ணா! நான் அத யோசிக்கல!”

“போர்டு பொய் சொல்லுமா? நீதான சொன்ன, நாலாயிரம் தடவ பாத்தேன்னு? இப்ப திருடனுக்கு பேசற?” மார்ட்டின் அண்ணன் கொக்கியைக் கையில் எடுத்துக்கொண்டார். கனத்த சாக்கைக் குத்தி இழுக்கும் இரும்புக் கொக்கி. “இவன் கைய கிழிச்சாதான் இன்னொருத்தன் வரமாட்டான்.”

“கிழி மார்ட்டினு! நம்ம வெரலு போச்சுல்ல போன வருசம்!” என்றது கூட்டம்.

அக்கா திரும்பி ஓடினார். “பாத்தியா, பயந்து ஓடறா,” என்று யாரோ சிரித்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மாடியில் நடந்ததை அவர் பிறகு சொன்னார். அலுவலகத்தில் மண்டியின் நகல் ஒன்று உண்டு. சோதனை எல்லாம் அந்த நகல் மேல்தான் ஓட வேண்டும். உண்மையான மண்டியைத் தொடக்கூடாது என்பது அந்த வேலையின் முதல் கட்டளை. அக்கா மடிக்கணினியை இழுத்து, நகலின் முகவரியை அழித்து, உண்மையான மண்டியின் முகவரியைப் போட்டார். பொய் விவசாயிகளின் எண்களை எடுத்துவிட்டு, அன்று டோக்கன் வாங்கிக் காத்திருந்த எல்லோருடைய எண்களையும் வைத்தார்.

“லூசி, இன்னா பண்ற? அது லைவ்!” ஜெயப்பிரகாஷ் கையைப் பிடித்தார்.

“வுடுங்க சார். வரிச கலையாது. பேரு மட்டும்தான் செவக்கும்.”

“கம்பெனி போயிடும்டி!”

அவர் கணினியை மூடப் பார்த்தார். அக்கா அந்தக் கையைக் கடித்தார். பல் பதியக் கடித்து, அவர் அலறிக்கொண்டு பின்வாங்கியதும் தோளால் இடித்து வெளியே தள்ளிக் கதவைத் தாழிட்டார். அண்ணனுக்கு டோக்கன் இல்லை. அவர் பெயரையும் எண்ணையும் கடைசியில் தானே இரண்டு முறை சேர்த்தார். பிறகு ஓட்டினார்.

கீழே மார்ட்டின் அண்ணன் பழனியின் வலது கையை நீட்டிப் பிடித்திருந்தார். கொக்கியின் முனை உள்ளங்கையில் இறங்கிவிட்டிருந்தது. பழனியின் சத்தம் மனிதச் சத்தமாக இல்லை. அப்போது பின்னால் நின்ற ஒருவர் போர்டைக் காட்டிக் கத்தினார்.

‘கொளஞ்சியப்பன் - மறு முயற்சி’.

“யோவ், இன்னாய்யா இது? நீயும் ரெண்டு போட்டியா?”

“நான் எங்கடா போட்டேன்? கையில கம்பிதான இருக்கு!”

“போர்டு பொய் சொல்லாதுன்னீங்களே!” என்று போர்டைக் காட்டியவர் கொளஞ்சியப்பனின் சட்டையைப் பிடித்தார். அதற்குள் போர்டில் ‘ராசு - மறு முயற்சி’, ‘தமிழரசன் - மறு முயற்சி’. ராசு தமிழரசனைப் பார்த்தார், தமிழரசன் ராசுவைப் பார்த்தார். யார் முதலில் கை வைத்தது என்று தெரியாது. கம்பி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். டிராக்டரின் முன்விளக்கு உடைந்து கண்ணாடி சிதறியது. இரண்டு நாளாக ஒன்றாக டீ குடித்தவர்கள் ஒருவர் மூக்கை ஒருவர் உடைத்தார்கள். போர்டு மேலும் மேலும் சிவந்துகொண்டே போனது. நின்றவர்களில் சிவக்காத பெயர் இல்லை. கடைசியில் ‘மார்ட்டின் - மறு முயற்சி’ என்று வந்தது.

“லோடுமேனுக்கு எதுக்குடா டோக்கன்?” என்று நாலு பேர் அவர் பக்கம் திரும்பினார்கள்.

“நாந்தான்!” லூசி அக்கா சாலையைக் கடந்து கத்திக்கொண்டே வந்தார். மூச்சு வாங்கியது. “எல்லாரு பேரையும் நாந்தான் போட்டேன்! நீங்க ஒருத்தரும் ரெண்டாவது தடவ அமுக்கல! இப்ப செவப்பா வந்துட்டீங்களே, உங்க எல்லாரையும் கட்டி வெச்சு அடிக்கலாமா? பழனிய அடிச்ச மாதிரி?”

கூட்டம் மெதுவாக அடங்கியது. மார்ட்டின் அண்ணன் மட்டும் அடங்கவில்லை. “என் பேரையா போட்ட?” என்றார். “ஊரு முன்னாடி என்ன திருடன்னா எழுதின?” கை தானாகவே போனது போல இருந்தது. பழனியின் கையிலிருந்து உருவிய கொக்கி அக்காவின் தோளில் இறங்கியது. அவர் இழுத்தார். துணியும் சதையும் சேர்ந்து கிழிந்தன. அக்கா நின்றபடியே அதைப் பார்த்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

கட்டிலுக்கு அடியில் ஒளித்துக் காப்பாற்றிய தங்கை. மார்ட்டின் அண்ணன் கொக்கியைக் கீழே போட்டுவிட்டு, காயத்தைத் தன் உள்ளங்கையால் அழுத்தப் பார்த்தார். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, “மொதல்ல அவர அவுறு,” என்றார். அவர் அசையவில்லை. நானும் அம்மாவும்தான் போய்க் கயிற்றை அறுத்தோம். கொளஞ்சியப்பன் தன் டிராக்டரிலிருந்து சோளத்தைச் சாலையிலேயே கொட்டிவிட்டு, இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் மழை பிடித்துக்கொண்டது.

கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் பழனியின் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். மூன்று விரல்களில் உணர்ச்சி இல்லை. உயிர் நிற்கும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் அவரால் பேச முடியாது. அதற்குள் மண்டியிலிருந்து அவர் மேல்தான் மோசடி என்று புகார் போயிருந்தது. சாட்சியாக, ஏழு முறை அவர் பெயர் சிவந்திருந்த போர்டின் படம். தங்கையைக் காயப்படுத்தியதற்காக மார்ட்டின் அண்ணனைக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருந்தார்கள். பழனியை அடித்தது யார் என்று போலீஸ் கேட்டால், “கூட்டம் சார், யாருன்னு தெரியல,” என்றே எல்லோரும் சொன்னார்கள். அம்மாவையும் என்னையும் மண்டி ஆட்கள் வீட்டுக்கே வந்து மிரட்டிவிட்டுப் போனார்கள். இனி லூசி அக்கா என்ன சொல்கிறாரோ அதைப் பொறுத்துத்தான் பழனி திருடனா இல்லையா என்பது.

ஜெயப்பிரகாஷ் கட்டுப்போட்ட கையோடு வந்தார். “லைவ்ல ஓட்டினத மட்டும் சொல்லாதம்மா. நெட்டுல ஏதோ கோளாறுன்னு சொல்லிடு. ஒரு எடத்துல நம்ம பொட்டி தப்புன்னு தெரிஞ்சா, ஒட்டின எல்லா எடத்துலயும் புடுங்கிடுவாங்க.”

ரெஜினா அத்தை சாப்பாட்டுத் தூக்கோடு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். “அவன் இல்லன்னா நீ இன்னைக்கு உயிரோட இல்லடி. உங்கப்பன் கையால எப்பவோ போயிருப்ப. அண்ணன் பேர மட்டும் எடுக்காத.”

உதவி ஆய்வாளர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“யாரும்மா மொதல்ல அடிச்சது?”

“எங்க அண்ணன். மார்ட்டின்.”

தூக்கு தரையில் இடித்தது. அத்தை எழுந்துவிட்டிருந்தார்.

“பழனி திருட்டுத்தனம் பண்ணலியா?”

“பண்ணல சார். எட்டு வூட்டுக்கும் சேத்து ஒருத்தரு வந்தாரு. அந்த மாதிரி வருவாங்கன்னு எனக்குத் தெரியும். எங்க தெருவுலயே ரேசன் கடைக்கு அப்படித்தான் போவாங்க. சோதிக்கும்போது திருடன மட்டும் நெனச்சி எழுதினேன். பேரு செவப்பா வருதான்னு பாத்து பாஸ் போட்டது நான். அதையும் எழுதிக்கங்க.”

“அது கேஸுல வராதும்மா.”

“வரலன்னாலும் எழுதுங்க சார். அப்பறம் எல்லாரு பேரையும் லைவ்ல போட்டதும் நாந்தான். அதயும்.”

ஜெயப்பிரகாஷ் வராந்தாவுக்குப் போய்விட்டார். அத்தை கதவருகே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். “தோள ஆட்டாத,” என்று மட்டும் சொல்லிவிட்டு, சோற்றை வைக்காமலே தூக்கை எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்கு, மகனைப் பார்க்கப் போனார்.

உதவி ஆய்வாளர் எழுதியதை அக்கா ஒருமுறை முழுக்கப் படித்தார். வலது கையைத் தூக்க முடியவில்லை. இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு நர்ஸைக் கூப்பிட்டு, தன்னைச் சக்கர நாற்காலியில் ஆண்கள் வார்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். பழனியின் மேலிருந்த புகார் அப்படியே நிற்காது என்பதை அவரிடம் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?